பிப்ரவரி 29 எங்கிருந்து வந்தது? பொங்கல் தேதிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

2024-ஆம் ஆண்டு பொங்கல் ஜனவரி 15-ஆம் தேதி வந்தது. அடுத்த ஆண்டு, 2025-இல், அது ஜனவரி 14-ஆம் தேதியே வந்துவிட்டது. "பொங்கல் எப்போதும் 14-தானே, சில ஆண்டுகளில் ஏன் 15 ஆகிறது?" என்ற கேள்வி, வேலையிடத்தில் விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் கரும்புக்குச் சொல்லி வைக்கும்போதும் ஆண்டுதோறும் எழும் ஒன்று. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தைச் சொல்வார்கள். அது சரியான விடைதான். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த இரண்டு பொங்கலுக்கும் இடையில் வந்த 2024 பிப்ரவரி 29-ஆம் தேதியில் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் கூடுதலாக வரும், அதுதான் லீப் ஆண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நாள் ஏன் தேவைப்பட்டது, அதை யார் சேர்த்தார்கள், ஏன் பிப்ரவரியில் சேர்த்தார்கள், தமிழ் மாதங்களில் மட்டும் ஏன் அப்படி ஒரு நாள் இல்லை என்ற கேள்விகளுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

சூரியன் முழு எண்ணில் நிற்பதில்லை

பூமி சூரியனை ஒரு முறை சுற்றி, அதே பருவம் மீண்டும் தொடங்க 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சுகிறது. நாள்காட்டியில் கால் நாளை அச்சிட முடியாது. அதனால் 365 நாளோடு ஆண்டை முடித்துவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் கணக்கில் விடுபடும். நான்கு ஆண்டுகளில் அது ஒரு நாளாகும். நூறு ஆண்டுகளில் 24 நாள்களாகும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் தெரியும். ஆண்டின் முதல் சில மாதங்களில் அது வரும், பால் குறையும், வருமானமும் குறையும். லீப் நாள் இல்லாமல் வெறும் 365 நாளாகவே எண்ணிக்கொண்டிருந்தால், இன்று பிப்ரவரியில் தொடங்கும் இலையுதிர்வு, கொள்ளுப்பேரன் காலத்தில் மார்ச் மாதத்தில் தொடங்கும். கிழக்குக் கரையின் மழைக்காலமும் அப்படியே தேதி மாறிப் போகும். மரமும் மழையும் தத்தம் நேரத்தில்தான் வரும். தேதிதான் அவற்றை விட்டு விலகிவிடும். விதைப்பு, அறுவடை, வரி வசூல், திருவிழா எல்லாவற்றையும் தேதி பார்த்துச் செய்த பழைய சமுதாயங்களுக்கு இது பெரிய சிக்கல்.

பழைய எகிப்தியர்கள் இந்தச் சிக்கலை நேரில் கண்டவர்கள். அவர்களின் ஆண்டு மாதத்துக்கு 30 நாள் வீதம் 12 மாதங்கள், கடைசியில் 5 நாள்கள் என மொத்தம் 365 நாள். கால் நாளை அவர்கள் சேர்க்கவில்லை. கி.மு. 238-இல் மூன்றாம் தாலமி மன்னரின் காலத்தில், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆறாவது நாள் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் ஆணை கல்லில் பொறிக்கப்பட்டது. மக்கள் அதைப் பின்பற்றவில்லை. யோசனை மட்டும் எகிப்தில் தங்கியது.

445 நாள் கொண்ட ஓர் ஆண்டு

அந்த யோசனைக்கு உயிர் கொடுத்தவர் ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர். அவருக்கு முன் ரோமானியர்களின் ஆண்டில் 355 நாள்களே இருந்தன. குறையும் நாள்களை ஈடுகட்ட, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிப்ரவரியின் பிற்பகுதியில் ஒரு தனி மாதத்தையே நுழைப்பார்கள். எந்த ஆண்டில் நுழைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் தலைமைப் பூசாரிகளின் குழுவிடம் இருந்தது.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் அரசியல்வாதிகளாகவும் இருந்தார்கள். ரோமில் பதவிக் காலம் ஓராண்டு. வேண்டியவர் பதவியில் இருந்தால் கூடுதல் மாதத்தைச் சேர்த்து ஆண்டை நீட்டலாம். வேண்டாதவர் இருந்தால் சேர்க்காமல் விட்டுவிடலாம். கடன் தவணையும் ஒப்பந்தங்களும் அதோடு சேர்ந்து ஆடின. போர்கள் நடந்த ஆண்டுகளில் கூடுதல் மாதம் சேர்ப்பதையே மறந்தார்கள். கடைசியில் நாள்காட்டி பருவத்தை விட்டு ஏறத்தாழ மூன்று மாதம் விலகி நின்றது.

சீசர் அலெக்சாண்டிரியா நகரைச் சேர்ந்த சொசிஜெனஸ் என்ற வானியலாளரின் ஆலோசனையைப் பெற்றார். விலகிப்போன நாள்களை ஒரே மூச்சில் சரிசெய்ய, கி.மு. 46-ஆம் ஆண்டில் 90 நாள்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அந்த ஓர் ஆண்டு மட்டும் 445 நாள் நீண்டது. குழப்பத்தின் ஆண்டு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கி.மு. 45 ஜனவரி 1 முதல் புதிய நாள்காட்டி நடப்புக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 365 நாள், நான்காவது ஆண்டுக்கு 366 நாள். இனி யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை, எண்ணிப் பார்த்தாலே போதும் என்பதுதான் அந்தச் சீர்திருத்தத்தின் பெரிய பலன்.

மறு ஆண்டே சீசர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பூசாரிகள் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை லீப் நாளைச் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அகஸ்டஸ் பேரரசர் சில லீப் நாள்களை நிறுத்தி வைத்து அதைச் சரிசெய்தார்.

ஏன் பிப்ரவரி?

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு இலத்தீன் மொழியில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்பதே அடிப்படை. ஆனால் நாம் அவற்றை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எண்ணுகிறோம். காரணம், பழைய ரோமானிய ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. ஜனவரியும் பிப்ரவரியும் பின்னால் சேர்க்கப்பட்ட மாதங்கள். பிப்ரவரி ஆண்டின் வால்பகுதியாக இருந்ததால், கூட்டுவதும் குறைப்பதும் அங்கேயே நடந்தது. சீசரும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. அவர் காலத்தில் லீப் நாள் 29-ஆம் தேதியாக வரவில்லை, பிப்ரவரி 24-ஆம் தேதியை இரண்டு முறை எண்ணினார்கள்.

அகஸ்டஸ் தம் பெயரில் உள்ள ஆகஸ்ட் மாதத்தை 31 நாளாக்க பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்ற கதை இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அது உண்மையல்ல. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிப்ரவரிக்கு 28 நாள்கள்தான்.

ஒரே இரவில் மறைந்த 10 நாள்கள்

சீசரின் கணக்கிலும் ஒரு சிறு பிழை இருந்தது. அவர் ஆண்டை 365 நாள் 6 மணி என்று வைத்தார். உண்மையில் அதைவிட 11 நிமிடம் குறைவு. ஓர் ஆண்டில் 11 நிமிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21, 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-ஆம் தேதிக்கே வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளின் தேதி அந்தச் சமநாளை வைத்தே கணக்கிடப்படுவதால் திருச்சபைக்கு இது கவலையளித்தது.

போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582-இல் இதற்குத் தீர்வு கண்டார். அந்த ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு படுத்தவர்கள் மறுநாள் வெள்ளிக்கிழமை எழுந்தபோது தேதி அக்டோபர் 15. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல், போலந்து ஆகிய நாடுகள் முதலில் இதை ஏற்றன. அதோடு லீப் ஆண்டு விதியும் மாற்றப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் விதி இதுதான்:

4-ஆல் மீதமின்றி வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் நூற்றாண்டு முடியும் ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு.

இதன்படி 1600, 2000 ஆகியவை லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 ஆகியவை அல்ல. 400 ஆண்டுகளில் 100 லீப் நாள்களுக்குப் பதிலாக 97 லீப் நாள்கள் வருகின்றன. இப்போது எஞ்சியிருக்கும் பிழை ஆண்டுக்கு ஏறத்தாழ 26 விநாடிதான். அது ஒரு நாளாகச் சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

போப் சொன்னதை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. பிரிட்டன் 170 ஆண்டுகள் காத்திருந்து 1752-இல்தான் மாறியது. அதற்குள் வேறுபாடு 11 நாளாகியிருந்தது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. அதனால்தான் ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, நம் கணக்கில் நவம்பர் மாதத்தில் நடந்தது.

பிரிட்டிஷார் 1786-இல் பினாங்கிலும் 1819-இல் சிங்கப்பூரிலும் காலூன்றியபோது திருத்தப்பட்ட அந்த நாள்காட்டியே அவர்களோடு வந்தது. பின்னாளில் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஏறியதும், பிறப்புப் பத்திரத்தில் எழுதப்பட்டதும், சம்பள நாளை முடிவு செய்ததும் அதுதான்.

ஒரே சுவரில் நான்கு கணக்குகள்

நம் நாட்டில் சுவரில் மாட்டும் நாள்காட்டியை உற்றுப் பார்த்தால், ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதியோடு இஸ்லாமியத் தேதியும் சீனத் தேதியும் தமிழ்த் தேதியும் இருக்கும். மிஞ்சும் நேரத்தை என்ன செய்வது என்ற அதே கேள்விக்கு நான்கும் நான்கு விதமாக விடை சொல்கின்றன.

இஸ்லாமிய நாள்காட்டி நிலவை மட்டுமே பின்பற்றுகிறது. 12 நிலவு மாதங்கள் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள்கள். பருவத்தோடு ஒட்ட வைக்கக் கூடுதல் மாதம் சேர்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. எனவே நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள்கள் முன்னால் வரும். 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. இப்படி நகர்ந்து நகர்ந்து ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். 2005-இல் தீபாவளி நவம்பர் 1-ஆம் தேதியும் நோன்புப் பெருநாள் 3-ஆம் தேதியும் வந்து, 'தீபராயா' என்று நாடே சேர்ந்து கொண்டாடியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சுற்று மீண்டும் 2030-களின் பிற்பகுதியில்தான் வரும்.

சீன நாள்காட்டியும் நிலவு மாதங்களைக் கொண்டதுதான். ஆனால் பருவத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காக, 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு முழு மாதத்தையே கூடுதலாகச் சேர்க்கிறது. 2023-இல் சீனர்களின் இரண்டாம் மாதம் இரண்டு முறை வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி வந்த சீனப் புத்தாண்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-க்குத் தள்ளிப் போனதற்கு அதுவே காரணம்.

தமிழ் மாதங்களுக்கு லீப் நாள் வேண்டாமா?

தமிழில் 'திங்கள்' என்ற சொல் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். மாதத்தை நிலவை வைத்து எண்ணிய காலத்தின் அடையாளம் அது. ஆனால் இன்று நாம் பின்பற்றும் சித்திரை, வைகாசி முதலிய மாதங்கள் சூரியனை ஒட்டியவை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவதே மாதப் பிறப்பு. மேஷத்தில் நுழைந்தால் சித்திரை, மகரத்தில் நுழைந்தால் தை.

இதனால் மாதத்துக்கு இத்தனை நாள் என்று முன்கூட்டியே கட்டி வைக்கத் தேவையில்லை. சூரியன் ராசியைக் கடக்க எத்தனை நாள் எடுக்கிறதோ, அத்தனை நாள் அந்த மாதம். ஆனி மாதம் சில ஆண்டுகளில் 32 நாள் வரை நீளும். மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடும். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குச் சற்று அருகில் இருப்பதால் வேகமாகச் சுற்றுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருப்பதால் மெதுவாகச் சுற்றுகிறது. மாதங்கள் குறைவதும் நீள்வதும் அந்த வேகத்தைப் பொறுத்ததே. மிஞ்சும் கால் நாளும் இப்படியே மாதங்களுக்குள் கரைந்துவிடுகிறது. சில தமிழ் ஆண்டுகளுக்கு 365 நாள், சிலவற்றுக்கு 366 நாள். லீப் நாள் இருக்கிறது, அதற்கென்று தனியாக ஒரு தேதி இல்லை, அவ்வளவுதான்.

தீபாவளி மட்டும் வேறு கணக்கு. அது ஐப்பசி மாதத்துச் சதுர்த்தசித் திதியைப் பொறுத்தது. திதி நிலவின் கணக்கு. அதனால் தீபாவளி ஓரிரு ஆண்டுகள் 11 நாள் வீதம் முன்னால் நகர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பின்னால் போகும். 2022-இல் அக்டோபர் 24-இல் வந்த தீபாவளி, 2023-இல் நவம்பர் 12-க்குப் போனது. அந்த ஆண்டு ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசைகள் வந்தன. ஆடி 1-ஆம் தேதி ஒன்று, 31-ஆம் தேதி மற்றொன்று. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க எது உரிய ஆடி அமாவாசை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே சூரிய மாதத்துக்குள் இரண்டு அமாவாசை வருவதுதான் நிலவுக் கணக்குக்குக் கிடைக்கும் கூடுதல் மாதம். சீனர்கள் சேர்க்கும் மாதத்துக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே.

பொங்கல் 14-ஆ, 15-ஆ?

இப்போது பொங்கல் கேள்விக்கு வரலாம். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 6 மணி நேரம் தள்ளிப் போகிறது. சூரியன் மறைவதற்கு முன் நுழைந்தால் அன்றே தை முதல் நாள். மறைந்த பின் நுழைந்தால் மறுநாள்.

திருக்கணிதப்படி 2023-இல் சூரியன் நுழைந்தது ஜனவரி 14 இரவு. எனவே பொங்கல் 15. 2024-இல் நுழைந்தது 15-ஆம் தேதி விடியற்காலை. அப்போதும் பொங்கல் 15. இப்படியே விட்டிருந்தால் 2025-இல் 15-ஆம் தேதி முற்பகலில் நுழைந்திருக்கும். ஆனால் இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டது. ஆங்கில நாள்காட்டி ஒரு தேதியைக் கூடுதலாகச் செலவழித்துவிட்டதால், சூரியன் நுழைந்த அந்த முற்பகலுக்கு 15 என்ற எண் கிடைக்கவில்லை, 14 என்ற எண்ணே கிடைத்தது. பொங்கல் இடம் மாறவில்லை. அதன் மேல் ஒட்டிய எண்தான் மாறியது.

நீண்ட காலத்தில் இன்னொரு நகர்வும் உண்டு. ஆங்கில ஆண்டு பருவத்தைப் பின்பற்றுகிறது. தமிழ் ஆண்டு வானத்து நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துச் சூரியனைப் பார்க்கிறது. பூமியின் அச்சு, சுற்றும் பம்பரம் தலையாட்டுவதுபோல் மிக மெதுவாகத் திசை மாறுவதால், நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். இதனால் ஏறத்தாழ 60 முதல் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் தேதி பின்னால் போகிறது. விவேகானந்தர் 1863-ஆம் ஆண்டு மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அன்று தேதி ஜனவரி 12. இன்று அது 14, 15 ஆகிவிட்டது. 1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டாக இல்லாமல் போனதும் இந்த நகர்வில் அடங்கும்.

2100-இல் என்ன நடக்கும்?

பிப்ரவரி 29 வெறும் எண் விளையாட்டு அல்ல. 2024-இல் அது வியாழக்கிழமை, வேலை நாள். நாள் கூலிக்குப் போனவருக்கு ஒரு நாள் கூலி கிடைத்தது. மாதச் சம்பளக்காரர் அதே சம்பளத்துக்கு ஒரு நாள் கூடுதலாக உழைத்தார். அதே நாளில் நியூசிலாந்தில் பல பெட்ரோல் நிலையங்களில் தானாகக் கட்டணம் பெறும் இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. அவற்றின் மென்பொருளுக்கு லீப் நாள் பிடிபடவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியப் பூசாரிகள் செய்த பிழையை இன்று கணினிகளும் செய்கின்றன.

அடுத்த லீப் நாள் 2028 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை. அதன் பிறகு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் வந்துகொண்டிருக்கும் இந்த நாள், 2100-இல் வராது. 1900-க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல் முறை. இப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் சில பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் விடுபடுவதால் பொங்கலும் சித்திரை முதல் நாளும் ஆங்கிலத் தேதியில் மேலும் ஒரு நாள் தள்ளிப் போகும். "பொங்கல் எப்போதும் 15-தானே, ஏன் 16 ஆகிறது?" என்று அப்போது பேரப்பிள்ளைகள் கேட்டால், விடை சொல்ல அவர்களால் முடிய வேண்டும்.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பிறந்தநாள் என்று கேலி செய்வது உண்டு. தமிழ் வழக்கப்படி அவர்களுக்கு அந்தக் குறை இல்லை. தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் பலர், தேதியைவிட மாதத்தையும் நட்சத்திரத்தையும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். பிப்ரவரி 29 மாசி மாதத்தின் நடுவில் வருகிறது. 27 நட்சத்திரங்களும் ஒவ்வொரு மாசியிலும் வந்து போகும். பிறந்த நட்சத்திரம் தெரிந்தால், கோவிலில் அர்ச்சனை செய்ய ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் இருக்கிறது.